ஏழு பேர், ஐயாயிரத்து நாற்பது வரிசை

ஜனவரி 7, 2007. ஞாயிறு.

விடிந்ததிலிருந்து மழை. ஷார்ஜா தொழில்பேட்டையில் மழை பெய்தால் ரோடு எது பள்ளம் எது என்று தெரியாது. கம்பெனி வேன் வரவில்லை, ரூமிலிருந்து பிரஸ் வரை பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடை. ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று.

லீவு லெட்டர் கொடுத்தாயிற்று. தங்கைக்கு மாசியில் கல்யாணம். முதலாளி நெய்னா பாய் லெட்டரைப் படிக்காமலே டிராயரில் போட்டார். என் பாஸ்போர்ட் கிடப்பதும் அந்த டிராயரில்தான்.

"தம்பி, பொங்கல் விழா நோட்டீஸை முடிச்சுக் குடுத்துட்டுப் போப்பா. பாஸ்போர்ட் எங்க ஓடிரப் போவுது?"

சங்கத்துப் பொங்கல் விழா பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை. ஹால் அன்றைக்குத்தான் கிடைத்ததாம். பொங்கல் முடிந்து பானை கழுவிக் கவிழ்த்த பிறகு இவர்களுக்குப் பொங்கல்.

சாயங்காலம் கமிட்டி மீட்டிங், எங்கள் பிரஸ்ஸிலேயே. இங்கே டீ ஓசி. புரவலர்கள் ஏழு பேர்: எங்கள் பாய், பல் டாக்டர், கார்கோ அண்ணாச்சி, சூப்பர் மார்க்கெட், நகைக்கடை, ஏ.சி. ரிப்பேர், டைப்பிங் சென்டர். இவர்களுக்கு இதுவே போதும், பெயர் எதற்கு. கூடவே செயலாளர் சுந்தரேசன். பெரிய கம்பெனியில் அக்கவுண்டண்ட். சட்டைப் பையில் இரண்டு பேனா.

விஷயம் ஒன்றுதான். நோட்டீஸில் யார் பெயர் முதலில்?

போன வருஷம் டாக்டர் பெயர் நான்காவது. மேடையில் பொன்னாடையும் நான்காவதாக. மனுஷன் பொன்னாடையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். அப்புறம் பல மாதம் தூது போய் அவரைத் திருப்பிக் கூட்டி வந்தார்கள்.

அகர வரிசையில் போடலாம் என்றேன். அப்படியானால் அண்ணாச்சி அருணாசலம் முதலில் வந்துவிடுவாராம். வயசு வரிசை? யாரும் வயசைச் சொல்லத் தயாரில்லை. நன்கொடை வரிசை? யாருக்கும் யாரும் மேல் இல்லை என்று காட்ட, எல்லோரும் சொல்லிவைத்து ஒரே தொகை. சீட்டுக் குலுக்கலாம் என்றேன். "சீட்டுல என் பேரு கடைசியா வந்தா?" என்றது நகைக்கடை. அதற்குத்தானே ஐயா சீட்டு.

கடைசியில் சுந்தரேசன் யோசனை: ஏழு விதமாக நோட்டீஸ். ஒவ்வொன்றிலும் ஒருவர் முதலில். முதல் நோட்டீஸில் முதலாவதாக வந்தவர் அடுத்ததில் கடைசிக்குப் போவார், மற்றவர்கள் ஒரு படி ஏறுவார்கள். கைதட்டல்.

எனக்கு ஒரு மணி நேர வேலை. பெயர் எங்கே வந்தால் என்ன? எல்லாப் பெயருக்கும் ஒரே மைதான்.

அப்பாவுக்குப் போன். கல்யாணப் பத்திரிகை மேட்டர் ஃபேக்ஸில் வரும். டிசைன் நான்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டேன். ஊர்ப் பிரஸ்காரன் அடித்தால் விநாயகருக்கே அடையாளம் தெரியாது.

ஜனவரி 9. செவ்வாய்.

மழை விட்டது. குளிர். ரூமில் ஹீட்டர் கிடையாது, பக்கத்துக் கட்டில் குமரேசனின் குறட்டை உண்டு.

ஏழு புரூஃபையும் மேஜையில் பரப்பினேன். எல்லோரும் தங்கள் பெயர் முதலில் வரும் தாளை மட்டும் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் ஏழையும் வரிசையாக வைத்து, சொத்தைப் பல்லைத் தேடுகிற மாதிரி பார்த்தார்.

"வெயிட் வெயிட். இதைப் பாருங்க. நான் ஃபர்ஸ்ட் வர்ற ஒண்ணைத் தவிர, மத்த ஆறுலயும் நான் கார்கோவுக்கு அடுத்துத்தான் வர்றேன். எப்பவும் இவர் பின்னாலயே நிக்கணுமா நான்?"

உண்மை. சுற்றி விட்டால் முதல் ஆள் மாறுவான், பக்கத்து ஆள் மாறமாட்டான். இந்த ஏழு பேரில் கண்ணை உபயோகிக்கிறவர் இவர் ஒருவர்தான். அதையும் இதற்குத்தான் உபயோகிக்கிறார்.

"பின்னால நின்னா ஒமக்கு என்னவே கொறஞ்சு போச்சு?" என்றார் அண்ணாச்சி. கத்தல். டீ கொட்டியது, ஒரு புரூஃபின் மேல்.

அப்போது என் முதலாளி எழுந்தார். கையை உயர்த்தினார்.

"கலாஸ், போதும்! சண்டை வேணாம். எத்தனை வரிசை உண்டோ அத்தனை வரிசைலயும் போட்டுருவோம். ஒரு வரிசை விடக் கூடாது. அப்ப யாரு பேச முடியும்?"

பலத்த கைதட்டல். சுந்தரேசன் தீர்மானமாக எழுதிக்கொண்டார்.

எத்தனை வரும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். ஏ.சி. ரிப்பேர் பதினாலு என்றது. சுந்தரேசன் அதைப் பார்த்து இரக்கமாகச் சிரித்துவிட்டு, "ஏழேழு நாப்பத்தொம்போது" என்றார். இவர்தான் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறார்.

"ரெண்டு நாள் கூட எடுத்துக்க தம்பி. எல்லா வரிசையும் முடி. பாஸ்போர்ட் ஒன் கைல" என்றார் பாய்.

ஜனவரி 10. புதன்.

முதல் இடத்தில் ஏழு பேரில் யாரும் வரலாம். ஒருவர் அங்கே போய்விட்டால் இரண்டாம் இடத்துக்கு மீதி ஆறு பேர். மூன்றாவதற்கு ஐந்து. இப்படியே இறங்கி, கடைசி இடத்துக்கு ஒருத்தர், வேறு வழியில்லாமல்.

7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 5040.

காரணியப் பெருக்கம். 7! என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதுவது. புதுக்கோட்டைக் கல்லூரியில் அந்தக் குறியைப் பார்த்து ஆச்சரியப்பட்டவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் தூங்கினார்கள். பாடம் நடத்தியவரும் பாதித் தூக்கம்தான். போர்டில் 0! = 1 என்று எழுதினார். ஏன் சார் ஒன்று, சைபர்தானே வர வேண்டும் என்றேன். "பரீட்சைல வரும், மனப்பாடம் பண்ணிக்க" என்றார். பி.எஸ்.சி. கணிதம், முதல் வகுப்பு. அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தெரியாது. இங்கே வந்து பல் டாக்டர் பெயருக்கு ஃபாண்ட் தேடுகிறேன்.

குமரேசனுக்கு டீ கிளாஸை வைத்து விளக்கினேன். அவன் ஆஃப்செட் மெஷின்காரன், ரூம்மேட். இரண்டு கிளாஸ், இரண்டு வரிசை. மூன்று கிளாஸ் வைத்தான், மாற்றி மாற்றி ஆறு எண்ணினான். நாலாவது கிளாஸ் எடுத்ததும் நாலையும் ஒவ்வொன்றாக முன்னால் வைத்துப் பார்க்கச் சொன்னேன். எது முன்னால் நின்றாலும் பின்னால் மூன்று கிளாஸ், அதே ஆறு வரிசை. நாலு ஆறு இருபத்து நாலு.

"புரிஞ்சிருச்சுடா. விடு, டீ ஆறுது" என்றான். கமிட்டியில் இந்தப் புத்தி ஒருத்தருக்கும் கிடையாது.

பாயிடம் சொன்னேன். ஐயாயிரத்து நாற்பது.

"ஏழு பேரு தானப்பா? ஊர்ச் சனத்தையா எண்ணச் சொன்னேன்?" லீவுக்காக நான் கணக்கை ஊதிப் பெரிசாக்குகிறேனாம். சுந்தரேசனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த மேதை சொன்ன பதில் அப்படியே:

"அது தியரி பாய். பிராக்டிகலா நாப்பத்தொம்போதுதான்."

ஜனவரி 12. வெள்ளி.

லீவு நாள். துணி துவைக்க வேண்டிய நாள். கமிட்டிக்குப் போர்டில் கணக்கு எழுதிக் காட்டினேன்.

இரண்டு பேர், 2. மூன்று பேர், 6. நாலு, 24. ஐந்து, 120. ஆறு, 720. ஏழு, 5040.

நாலு வரைக்கும் தலையாட்டினார்கள். ஐந்தில் நின்றது. ஒரு ஆள் கூடியதற்கு இவ்வளவு ஏறுமா என்று டைப்பிங் சென்டர் கேட்டது. ஏறும். ஒவ்வொரு புது ஆளும், இருக்கிற கணக்கைத் தன்னையும் சேர்த்த தலை எண்ணிக்கையால் பெருக்குகிறான். நீங்கள் ஏழாவதாக வந்தபோது 720-ஐ ஏழால் பெருக்கினீர்கள் என்றேன். அதற்கு அவர் முகத்தில் பெருமை. திட்டினேன் என்று தெரியவில்லை.

சரி, கைவிட்டு விடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

"இரும், இரும்" என்றார் அண்ணாச்சி. "நாம எத்தன நோட்டீஸ் அடிக்கப் போறோம்?"

"ஐயாயிரம்."

"சரியாப் போச்சுல்லா! ஒண்ணு ஒண்ணும் ஒரு வரிசை. எதுக்கு இந்தத் தம்பி மலைக்கான்?"

கைதட்டல். அதற்குள் நகைக்கடை எழுந்தது: நாற்பது குறைகிறதே, எந்த நாற்பது வரிசையை விடப் போகிறீர்கள்? அதில் யார் பெயர் முதலில் இருக்கும்? அரை மணி நேரம். ஐயாயிரத்து நாற்பதாகவே அடிப்பது என்று முடிவு.

குமரேசனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிளேட் மாத்தணும் பாய். நான் மாத்தி முடிக்கறதுக்குள்ள உங்க பேரப்புள்ளைக வந்து பொங்கல் வச்சிரும்."

அங்கேயே முடிந்திருக்கும். என் வாய்தான். படத்தையும் கரும்பையும் ஆஃப்செட்டில் அடித்துவிட்டு, பெயர் வரும் இடத்தை வெறுமையாக விட்டு, பெயர்களை மட்டும் எக்செல்லில் ஏற்றி லேசர் பிரிண்டரில் ஓட்டினால் முடியும் என்று சொல்லித் தொலைத்தேன். தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"பாத்தியா? முடியும்ல? யல்லா, ஆரம்பி" என்றார் பாய்.

ஜனவரி 18. வியாழன்.

மூடுபனி. கம்பெனி வேன் தாமதம்.

எக்செல்லில் 5040 வரிசையும் தயார். ஒன்றும் விடவில்லை, ஒன்றும் இரண்டு முறை வரவில்லை. அழகான வேலை. யாருக்காக என்று நினைத்தால் வாந்தி வருகிறது.

லேசர் பிரிண்டர் ஓடுகிறது. சூடேறி நிற்கிறது. பேப்பர் சிக்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், பிரசவ வார்டு வாசலில் புருஷன் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

வாங்க வேண்டியவை: டோனர், செருப்பு, தங்கைக்கு சென்ட், கோடரித் தைலம் (அம்மா, அத்தை, பக்கத்து வீடு), பெரிய பெட்டி.

டிக்கெட் பார்க்க பாஸ்போர்ட் வேண்டும். கேட்டேன். "முடிஞ்சதா? முடியலேல்ல?" என்றார். அடித்து வைத்த கட்டை எடுத்துப் புரட்டினார். ரொம்பத் திருப்தி. ஏன் என்று தெரியவில்லை.

ஜனவரி 20. சனி.

ஏன் என்று இன்று தெரிந்தது.

கார்கோ அண்ணாச்சி இந்தப் பக்கம் வந்தவர் டீ குடிக்க நுழைந்தார். மேஜையில் கட்டு. முதல் தாள், நெய்னா பாய் பெயர் முதலில். இரண்டாவது தாள், நெய்னா பாய். பத்தாவது, நூறாவது. கடைசித் தாளை உருவினார். நெய்னா பாய்.

"இது என்ன வே? அறுநூறு நோட்டீஸ் இருக்கும் போலிருக்கு. அத்தனையிலும் ஒம்ம மொதலாளிதான் மொதல்ல!"

இருக்கத்தான் செய்யும். ஒன்றும் விடாமல் எழுத வேண்டுமானால் ஒழுங்கு வேண்டும். ஒருவரை முதலில் நிறுத்திவிட்டு, மீதி ஆறு பேரை எல்லா விதமாகவும் மாற்ற வேண்டும். 6! = 720. அது முடிந்தால்தான் அடுத்தவர் முதலிடத்துக்கு வருவார், அவருக்கும் 720. யாருக்கும் ஒன்று கூடாது, குறையாது. பாய் பெயரை முதலில் டைப் செய்தேன், ஏனென்றால் சம்பளம் அவர் கொடுக்கிறார். இதைச் சொன்னேன். பேப்பரில் எழுதியும் காட்டினேன்.

"கணக்குச் சொல்லி ஏமாத்தாத. கண்ணுல பாத்தத நான் நம்பணுமா, ஒன் ஆச்சரியக்குறிய நம்பணுமா?"

குலுக்கிவிட்டு அடித்திருக்கலாம். தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், இவர்களுக்காக நல்ல ஒழுங்கைக் கலைத்திருப்பேனா தெரியாது.

மத்தியானத்துக்குள் துபாய், ஷார்ஜா, அஜ்மான் முழுக்கச் செய்தி. பாய் என்னை முறைக்கிறார். பாஸ்போர்ட் பேச்சை எடுக்கவே முடியாது. தங்கை கல்யாணத்துக்கு நான் போகாவிட்டால், காரணம் கேட்பவர்களிடம் அப்பா என்ன சொல்வார்? ஏழு பேரை வரிசையில் நிறுத்த முடியவில்லை என்றா?

ஜனவரி 22. திங்கள்.

ஆச்சரியம். டாக்டர் நேரில் வந்தார். கோபம் இல்லை, கோபத்தைவிட மோசமான ஒரு புன்னகை.

"நெய்னா பாய், என் பேரே வேண்டாம். எடுத்துடுங்க. டொனேஷன் அப்படியே இருக்கட்டும். நான் பேருக்காகச் செய்யறவன் இல்லை."

ஆறு பேர். 5040-ஐ ஏழால் வகுத்தால் 720.

செய்தி போய் ஒரு மணி நேரத்தில் அண்ணாச்சி போன். "அந்தப் பல்லு மட்டும் தியாகியா? எம்பேரையும் எடுல." ஐந்து பேர். 720-ஐ ஆறால் வகுத்தால் 120.

பெயருக்காக அலைகிறவன் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம். அதனால் முண்டியடித்து விலகுகிறார்கள். முன்னால் நிற்க அடித்துக்கொண்ட அதே ஆட்கள், அதே முழங்கை.

ஜனவரி 23. செவ்வாய்.

காலையில் நகைக்கடை. 24. பதினோரு மணிக்கு சூப்பர் மார்க்கெட். 6. சாப்பாட்டுக்கு முன் ஏ.சி. ரிப்பேர். 2. டைப்பிங் சென்டர் மட்டும் ரொம்ப யோசித்து, மூன்றரை மணி அஸர் பாங்குக்குப் பிறகு போன் செய்தது. 1.

மீதி எங்கள் பாய் ஒருவர். ஒருவர், ஒரே வரிசை. முதலிடமும் அவரே, கடைசி இடமும் அவரே. மனுஷனுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"பாத்தியா தம்பி, கடைசில நம்ம பேருதான் நின்னுச்சு. கொஞ்சம் பெருசா போடு. பாக்குறவனுக்குத் தெரியணும்."

பெரிசாகப் போட்டேன். இன்னும் பெரிசு என்றார். கரும்பைவிடப் பெரிசாகப் போட்டேன்.

ஜனவரி 24. புதன்.

சுந்தரேசன் போன். ஆறு பேரும் பெயர் வேண்டாம் என்ற பிறகு, பாய் மட்டும் போட்டுக்கொண்டால் "ஒரு மாதிரி" இருக்குமாம். ஊர் பேசுமாம். பாய் போனை வைத்துவிட்டு, திரையில் கரும்பைவிடப் பெரிசாக நின்ற தன் பெயரை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"எடுத்துரு தம்பி."

கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. டீ வருவதற்குள் சரியாகிவிட்டது.

சைபர் பேர். அப்புறம் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். ஏழால் வகுத்தோம், ஆறால், ஐந்தால், நாலால், மூன்றால், இரண்டால். கையில் ஒன்று இருந்தது. கடைசி ஆள் போனபோது அந்த ஒன்றை ஒன்றால் வகுக்க வேண்டும். ஒன்று. 0! = 1.

திரையில் நோட்டீஸ். கரும்பு, பானை, சூரியன், கீழே வெறும் இடம். இதை எத்தனை விதமாக அடிக்கலாம்? மாற்றி வைக்க ஆள் இல்லை. இப்படி ஒரே ஒரு விதமாகத்தான். ஒருவரும் இல்லாத மேடைக்கும் ஒரு வரிசை உண்டு, அதில் சண்டையும் இல்லை. மனப்பாடம் பண்ணிக்க என்ற அந்த வாத்தியார் சொல்லாததைச் சொல்ல ஏழு முட்டாள்கள் வேண்டியிருந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. சொல்ல ஆள்தான் இல்லை. குமரேசனிடம் சொன்னேன். "அப்ப ஒரு பிளேட்தான?" என்றான்.

ஜனவரி 25. வியாழன்.

"எல்லா வரிசையும் அடிச்சிட்டியா?" என்றார் பாய்.

"அடிச்சாச்சு பாய். ஒண்ணு."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான் உண்டு."

என்னைப் பார்த்தார். டிராயரைத் திறந்தார். பாஸ்போர்ட் என் கையில். அட்டையெல்லாம் ஊதுபத்தி வாசனை. டிக்கெட் போட்டாயிற்று, ஒன்பதாம் தேதி திருச்சி.

பிப்ரவரி 2. வெள்ளி.

விழா. ஏற்பாடு வழக்கம் போல. மைக் கத்தியது. குத்துவிளக்கில் திரி நனைந்திருந்தது. பொங்கல் நன்றாக இருந்தது, குமரேசன் மூன்று தட்டு.

சுந்தரேசன் மைக்கில்: "தங்கள் பெயரே வேண்டாம் என்று பெருந்தன்மையோடு சொன்ன ஏழு புரவலர்கள் இங்கே இருக்கிறார்கள். முதன்முதலில் சொன்னவர்..."

டாக்டர் பாதி எழுந்தார். "மனசுல நான் அதுக்கு முன்னாலயே எடுத்தாச்சு வே!" என்று அண்ணாச்சி கீழேயிருந்து சத்தம் போட்டார். நகைக்கடையும் எழுந்தது. சுந்தரேசன் என்னைத் தேடினார். நான் கை கழுவப் போய்விட்டேன்.

பொன்னாடைகள் பையோடு திரும்பிப் போயின. வளர்ந்த ஆண்கள். ஒரு பெயர், ஒரு தாளில், ஒரு விரற்கடை மேலே வருவதற்காக. என்ன ஜன்மங்கள்.

பிப்ரவரி 4. ஞாயிறு.

வெயில் வந்துவிட்டது. பெட்டி கட்டியாயிற்று, ஜிப் ஒத்துழைக்கவில்லை.

அப்பாவின் ஃபேக்ஸ் வந்தது. பத்திரிகை மேட்டர். இன்றே டிசைன் செய்து அனுப்ப வேண்டும். கீழே, "தங்கள் வரவை எதிர்நோக்கும்" என்று நான்கு பெயர். முதலில் மச்சான், அக்கா வீட்டுக்காரர். அடுத்து சித்தப்பா மகன். அடுத்து மாமா மகன். கடைசியில் நான்.

கடைசியில்.

திரும்பத் திரும்பப் படித்தேன். மணமகளின் கூடப் பிறந்த ஒரே அண்ணன். மச்சான் இந்தக் கல்யாணத்துக்கு என்ன செய்துவிட்டார்? பந்தல்காரனிடம் பேசினாராம். மாமா மகன் யார்? போன தீபாவளிக்கு என்னை அடையாளம் தெரியாமல் போனில் யார் பேசறது என்று கேட்டவன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பேரு எங்க வந்தா என்னப்பா? எல்லாம் நம்ம வீட்டு ஆளுகதான்" என்கிறார்.

எங்கே வந்தால் என்னவா? ஊரில் பத்திரிகையைப் பிரிக்கிறவன் முதலில் எதைப் பார்ப்பான்? படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது. போன் கார்டு தீரும்வரை கத்தினேன்.

நான்கு பெயர், 4! = 24. இருபத்து நாலையும் அடித்துக் காட்டவா என்று குமரேசன் பின்னால் நின்று சிரிக்கிறான், மடையன். இருபத்து நாலு எதற்கு? அதில் சரியானது ஒன்றே ஒன்றுதான். மேட்டரை நானே டைப் செய்கிறேன், என் பெயரிலிருந்து.